கல் முன் நிற்கும் சிறார்: சவ்வாதுமலை வட்டார வழிபாட்டிடங்களில் கலையும் வரலாறும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய சவ்வாதுமலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. சாமையும் தினையும் பலாவும் விளையும் இம்மலையில் வாழ்வோருள் பெரும்பான்மையர் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சியிலிருந்து தம் முன்னோர் மலையேறினர் என்னும் வாய்மொழி மரபு உடையவர். இவர்தம் பிள்ளைகளுள் பலர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் பயில்கின்றனர். அப்பிள்ளைகளின் பாடநூலில் வரலாறு என்பது பெரும்பாலும் மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரை என மலையிறங்கி நெடுந்தொலைவு சென்று காண வேண்டிய ஒன்றாகவே அமைகிறது. ஊர் எல்லையில் நிற்கும் நடுகல்லைப் பற்றி அந்நூல் பேசுவது அரிது. பேசினும் அது அந்தக் கல்லைப் பற்றியதாக இராது.

இம்மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 2.34 மீட்டர் விட்டமுள்ள அதன் பெருந்தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. வானத்தைக் காண அறிவியலார் இம்மலையைத் தேடி வந்தனர். பள்ளிப் பிள்ளைகளும் அங்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். அது நன்றே. ஆயின், பல ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீனைக் காணக் கற்றுத்தரும் கல்வி, கைக்கெட்டும் தொலைவிலுள்ள கல்லைக் காணக் கற்றுத்தரவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பழமையான வழிபாட்டிடங்களுக்குச் சிறாரை அழைத்துச் சென்று, அங்குள்ள கலையையும் வரலாற்றையும் அவர்களே கண்டு சொல்லப் பழக்குதல் கல்வியின் உறுப்பாக வேண்டும் என்பதும், அதற்கான மூலங்களை ஆக்கித் தருதல் தமிழ்த்துறைகளின் கடமை என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

ஐரோப்பியப் பழந்தேவாலயங்களில் சிறார்க்கென வழிகாட்டும் முறை வேரூன்றிய ஒன்று. அங்குச் செல்லும் குழந்தையின் கையில் நீண்ட வரலாறு தரப்படுவதில்லை. தூண்தலையில் ஒளிந்திருக்கும் விலங்கைக் கண்டுபிடி, சன்னலில் நீலம் எங்கெல்லாம் வருகிறது பார், தரைக்கல்லில் யார் பெயர் உள்ளது படி என்பன போன்ற தூண்டல்களே தரப்படுகின்றன. இம்முறைக்கு ஒரு நெடிய பின்புலம் உண்டு. கி.பி. 600ஐ ஒட்டிய காலத்தில், மார்சேய் நகர ஆயர் செரேனுஸ் தம் ஆலயத்துப் படிமங்களை உடைத்தபோது, திருத்தந்தை பெரிய கிரகோரி அவரைக் கடிந்து மடல் எழுதினார். எழுத்தறிந்தோர்க்கு ஏடு எதுவோ, எழுத்தறியாதோர்க்கு ஓவியம் அது என்பது அம்மடலின் கருத்து. படம் என்பது வாசிக்கப்படுவது என்னும் எண்ணம் மேலைக் கிறித்தவத்தில் நிலைபெற இது வழிகோலியது.

ஏறத்தாழ அதே காலத்தில் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு கல் நடப்பட்டது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட அந்நடுகல், எருமைகளைக் காக்கும் பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்பானுக்கு உரியது. கல்லில் அவன் மட்டும் இல்லை. அவனுடைய நாயும் இருக்கிறது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைக் கல்வெட்டு தனியே கூறுகிறது. நாய்க்குப் பெயர் உண்டு, செயல் உண்டு, உருவமும் உண்டு. உரோமையில் எழுந்தது எழுத்தறியார்க்குப் படம் வேண்டும் என்னும் வாதம். செங்கத்துக் கல்லிலோ படமும் எழுத்தும் ஒன்றாகவே நின்றன. எழுத்தறிந்தவன் பெயரைப் படித்திருப்பான். அறியாதவன் நாயைப் பார்த்திருப்பான். இருவர்க்கும் செய்தி சென்றிருக்கும்.

இக்கல் முன் ஒரு பத்து வயதுப் பிள்ளையை நிறுத்தினால் நிகழக்கூடியது என்ன? வழக்கமான முறையில் ஆசிரியர் முதலில் பேசுவார்: இது நடுகல், இது பல்லவர் காலத்தது, எழுத்து வட்டெழுத்து, தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் அமைக்கும் துறைகளை ஆறாக வகுக்கிறது. இவை அனைத்தும் உண்மை. இவை சொல்லப்பட்டபின் பிள்ளைக்குப் பார்ப்பதற்கு எதுவும் எஞ்சுவதில்லை என்பதே இடர். செய்தியைப் பெற்றுக்கொண்ட கண் கல்லைச் சரிபார்க்கும், தேடாது. முறையை மாற்றி, முதலில் பார்க்கவும், பார்த்ததைத் தம் சொல்லில் கூறவும் விடுவதே தக்கது. செங்கம் நடுகற்கள் பலவற்றில் வீரனின் காலருகே சிமிழும் கெண்டியும் செதுக்கப்பட்டிருக்கும். அவை எவை என ஆய்வாளர் பெயரிட்டுவிட்டனர்; அவை ஏன் அங்கு உள்ளன என்பது குறித்துப் பல கருத்துகள் உள. அச்சிறு கலத்தில் என்ன இருந்திருக்கும் எனக் கேட்டால் ஒரு பிள்ளை கள் என்னும், ஒரு பிள்ளை தண்ணீர் என்னும், இன்னொன்று மருந்து என்னும். இவ்விடைகளுள் எதுவும் ஆய்வுலகில் எழாதது அன்று. இந்நிலையில் வினாவே பாடம். விடை பிறகு வரலாம்.

மலைப்பிள்ளைக்கு இதில் ஒரு தனி வலிமை உண்டு. ஆநிரை கவர்தல் வெட்சி என்றும் மீட்டல் கரந்தை என்றும் நகரத்து மாணவன் மனப்பாடம் செய்கிறான். மாட்டைக் காட்டிற்கு ஓட்டிச் சென்று மாலையில் எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தால் இருட்டுவதற்குள் தேடியலைந்த பட்டறிவு அவனுக்கு இல்லை. மாட்டை இழத்தல் ஒரு குடும்பத்திற்கு எத்தகையது என்பதையும், உடன் செல்லும் நாய் எதுவரை நம்பத்தக்கது என்பதையும் மலைப்பிள்ளை அறியும். கருந்தேவக்கத்தி ஏன் எருமைக்காக உயிர் விட்டான் என்னும் வினாவிற்கு முதுகலை வகுப்பினும் செம்மையான விடை தொடக்கப்பள்ளியில் கிடைக்கக்கூடும். பழங்குடிச் சிறாரைக் கற்றலில் பின்தங்கியோர் எனக் கருதும் மனப்பாங்கு கல்வித்துறையில் இன்றும் உண்டு. அம்மனப்பாங்கு தலைகீழாகும் இடம் நடுகல்லின் முன்னிடம்.

மலைபடுகடாம் காட்டும் நிலப்பரப்பும் இதுவே. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் செங்கண்மாத்து நன்னனைப் பாடிய அந்நூல், 583 அடிகளில் கூத்தரை வழிநடத்திச் செல்கிறது. செங்கண்மா இன்றைய செங்கம். நூல் குறிக்கும் சேயாறு சவ்வாதுமலையில் தோன்றும் செய்யாறு. வழியில் எதிர்ப்படும் நடுகற்களையும் புலவர் குறிப்பிடத் தவறவில்லை. ஆற்றுப்படை என்பதே புதியவர்க்கு வழியும் காட்சியும் சொல்லும் இலக்கிய வகை. எங்கு நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், எதை வணங்கிச் செல்ல வேண்டும், எங்கே கவனமாக அடி வைக்க வேண்டும் என அது கூறுகிறது. சிறார்க்கான வழிகாட்டி நூல் ஒன்றை ஆக்க முனைவோர்க்கு இதனினும் சிறந்த முன்மாதிரி தமிழுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. மலைபடுகடாம் பற்றிய ஆய்வுகளுள் பெரும்பாலானவை உரைவேறுபாட்டிலும் நிலவியல் அடையாளங்காணலிலும் நின்றுவிடுகின்றன. அதை வழிநடைக் கல்வி நூலாகப் பயன்கொள்ளும் முயற்சி இன்னும் வலுப்பெறவில்லை.

திருமலை

போளூரை அடுத்த திருமலை பலவகையில் சிறார்க்கு ஏற்ற களம். வைகாவூர் எனக் கல்வெட்டுகளில் வழங்கும் இவ்விடத்தில் 16 மீட்டர் உயரமுள்ள நேமிநாதர் திருவுருவம் பாறையில் செதுக்கப்பட்டுள்ளது. தமிழகச் சமணப் படிமங்களுள் உயரமானது இதுவே. அடிவாரத்துக் கோயில்கள், குந்தவை ஜினாலயம், பாறைக் குடைவு அறைகளில் ஓவியங்கள், கல்வெட்டுகள் எனக் கலையும் எழுத்தும் ஒரே வளாகத்தில் செறிந்துள்ளன. ஹூல்ச் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890ஆம் ஆண்டிலேயே இக்கல்வெட்டுகளை வெளியிட்டது. அறிஞருலகம் இவ்விடத்தை அறிந்து 130 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அருகிலுள்ள பள்ளிகள் அறிந்த அளவு அதற்கு ஈடானது எனக் கூற இயலாது.

இங்குள்ள முதலாம் இராசேந்திரனின் பாறைக் கல்வெட்டு கங்கை வரை சென்ற படையெடுப்பைப் பட்டியலிடுவதால் வரலாற்று நூல்கள் அதைப் பெரிதும் போற்றுகின்றன. அந்நெடிய மெய்க்கீர்த்திக்குப் பின் கல்வெட்டு சொல்ல வந்த செய்தி மிகச் சிறியது. மல்லியூர் வணிகன் நன்னப்பயன் மனைவி சாமுண்டப்பை என்னும் பெண், குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு விளக்கும் திருவமுதும் வைத்தாள் என்பதே அது. பேரரசனின் வெற்றிகள் முன்னுரையாக, ஒரு பெண் ஏற்றிய விளக்கு பொருளாக அமைகிறது. பாடநூல் முன்னுரையை எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டது என்றே கூற வேண்டும். ஒரு சிறுமியிடம் இக்கல்லைக் காட்டி, இதை எழுதச் செலவு செய்தவர் யார் என வினவிப் பார்க்கலாம். அரசன் என்றே முதலில் விடை வரும். சாமுண்டப்பை என்னும் பெயரைக் கல்லில் விரல் வைத்துக் கண்டபின், கல்வெட்டு என்றால் அரசாணை என்னும் பிழையான எண்ணம் அவளிடம் மீண்டும் வருவது கடினம்.

மற்றொரு கல்வெட்டு இயக்கன், இயக்கி உருவங்களைப் பற்றியது. சேர மரபின் எழினி அமைத்த அவ்வுருவங்கள் பழுதுற்றபோது, தகடூர் அதிகமான் வழிவந்த விடுகாதழகிய பெருமாள் அவற்றைச் சீர்செய்து எறிமணியும் அளித்தான் என அது கூறுகிறது. எழினி, அதிகமான் என்னும் பெயர்கள் சங்கப் பாடல் பயின்றோர்க்குப் பழகியவை. ஆயின் சிறார்க்கு இதில் கிடைக்கும் பாடம் வேறு. பழையதைப் பேணுதல் என்பது தொல்லியல் துறை ஏற்பட்டபின் தோன்றிய கடமை அன்று; பழுதுற்றதைக் கண்டு திருத்தி, யார் முதலில் செய்தார் என்பதையும் மறைக்காமல் எழுதிவைத்த மரபு இங்கேயே இருந்தது. சுண்ணமும் வண்ணமும் பூசி முந்தையதை மறைத்துவிட்டுத் தம் பெயரைப் பளிங்கில் பொறிக்கும் இக்காலத் திருப்பணியாளர்க்கும் இது பாடமாகலாம்.

பள்ளி என்னும் சொல்லையும் இங்கே கருத வேண்டும். சமணர் உறைவிடமும் கல்விக்கூடமும் இசுலாமியர் தொழுமிடமும் ஒரே சொல்லால் வழங்குவது தமிழின் இயல்பு. உறைவிடப் பள்ளியில் பயிலும் பிள்ளை திருமலைக்கு வரும்போது ஒரு வகையில் தன் பள்ளியின் பழைய பொருளைக் காண வருகிறது. இதை விரிவுரையாகச் சொல்லாமல், இங்கு வாழ்ந்தோர் எங்கே படுத்தனர், எங்கே நீர் எடுத்தனர், எங்கே அமர்ந்து கற்றனர் எனத் தேடவிட்டால் போதும். வாணியம்பாடி வட்டாரத்து ஆர்மாமலைக் குகையின் 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்களும் இத்தொடரில் சேரத்தக்கவை. அவை பெரிதும் சிதைந்துவிட்டமையால் கூட்டமாகச் சிறாரை அங்கே அழைத்துச் செல்வது தகாது; படங்களே போதும். எல்லா இடமும் எல்லார்க்கும் திறந்திருக்க வேண்டும் என்பதில்லை.

சேத்துப்பட்டு

மலையிலிருந்து போளூர் வழியாகக் கிழக்கே சென்றால் சேத்துப்பட்டு. பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த தராஸ் அடிகளின் உழைப்பில் எழுந்த தூய லூர்து அன்னை ஆலயம் அங்கே கோதிக் பாணியில் உயர்ந்து நிற்கிறது. தேவாலயக் கலை என்றவுடன் தரங்கம்பாடியும் தஞ்சையும் சென்னையும் நினைவுக்கு வருதல் இயல்பு. தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் திறக்கப்பட்டது. சீகன்பால்கு அங்கே அடக்கம் செய்யப்பட்டார். தஞ்சையில் பிளாக்ஸ்மன் வடித்த பளிங்குச் சிற்பத்தில், இறக்கும் சுவார்ட்சின் கையைச் சரபோசி பற்றி நிற்கிறார். இவை உலகறிந்தவை. சவ்வாதுமலைப் பிள்ளைக்கு அண்மையது சேத்துப்பட்டே. அண்மையிலுள்ளது சிறியது என்னும் எண்ணமே இவ்வாலயத்தைக் கலை வரலாற்று நூல்களுக்கு வெளியே நிறுத்தியுள்ளது.

கோதிக் ஆலயத்திற்குள் நுழையும் பிள்ளைக்கு முதலில் தோன்றுவது உயரம். திருமலையில் பாறையை வெட்டிக் கீழிறங்கிப் பெற்ற உயரம். இங்கே கல்லடுக்கிக் கூர்வளைவால் மேலேற்றிப் பெற்ற உயரம். இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்த பிள்ளை, கட்டடக்கலையின் அடிப்படை வேறுபாடான குடைவித்தல், கட்டுவித்தல் என்பதைக் கலைச்சொல் ஏதுமின்றி உணரும். லூர்து என்பது எங்கே உள்ளது என்னும் வினா அடுத்து எழும். பிரான்சு நாட்டில் 1858ஆம் ஆண்டு நிகழ்ந்ததாக நம்பப்படும் காட்சியோடு தொடர்புடைய ஊர்ப்பெயர், பிரெஞ்சுத் துறவியர் வழியாக வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றின் நாவில் ஏறியது. மாதா கோயில், கெபி, பீடம், சன்னல், பாதிரியார் என்னும் சொற்களைப் பட்டியலிட்டு எது எம்மொழியினின்று வந்தது எனப் பிரிக்கச் சொன்னால், தேவாலயமே ஒரு சொல்வரலாற்று வகுப்பாகிவிடும். சன்னல் போர்த்துகீசியர் தந்தது. கோயில் தமிழே தந்தது. ஒரு சமயம் ஒரு மண்ணில் வேர்கொள்ளும்போது எதைக் கொணர்கிறது, எதைக் கடன் பெறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

ஒரு சமயத்துப் பிள்ளைகளை இன்னொரு சமயத்தின் வழிபாட்டிடத்திற்கு அழைத்துச் செல்வது தேவையற்ற ஐயத்தைக் கிளப்பும் என்பர் சிலர். இது தள்ளிவிடத்தக்க தடை அன்று. பெற்றோரிடம் முன்கூட்டிச் சொல்லி இசைவு பெறுதல் இன்றியமையாதது. ஆயின் அத்தடையை ஏற்று ஒதுங்குவதால் விளைவது யாது? பிள்ளை தன் சமயத்து இடத்திற்கு வழிபடுவோனாகவும், பிற சமயத்து இடத்திற்கு ஒருபோதும் செல்லாதவனாகவும் வளர்கிறான். மூன்றாவது நிலை ஒன்று உண்டு: பிறர் மதிப்பது எது எனக் கேட்டறிந்து, அமைதி காத்து, கண்ணால் கற்றுத் திரும்பும் விருந்தினன் நிலை. திருமலையில் இன்றும் சமணர் வழிபடுகின்றனர். சேத்துப்பட்டில் நாள்தோறும் திருப்பலி நடைபெறுகிறது. நடுகல் வேடியப்பனாக வணங்கப்படுகிறது. இம்மூன்றும் அருங்காட்சியகம் அல்ல. நம்பிக்கையை விலக்கிவிட்டுக் கலையை மட்டும் காட்ட முயல்வது விளக்கை விட்டுத் திரியை மட்டும் காட்டுவதை ஒக்கும். இங்கு வருவோர் ஏன் செருப்பைக் கழற்றுகின்றனர், ஏன் முழந்தாளிடுகின்றனர், ஏன் எண்ணெய் இடுகின்றனர் என்பதை வழிபடுவோரிடமே பிள்ளைகள் கேட்கட்டும். விளக்கம் பெறுதல் மதம் மாறுதல் ஆகாது.

எண்ணெயும் எழுத்தும்

வேடியப்பனுக்கு இடும் எண்ணெயும் மஞ்சளும் ஆய்வாளர்க்கு நெடுங்கால இடர். படியும் பிசுக்கு எழுத்தை மறைக்கிறது. படியெடுக்க வந்தவர் கல்லைத் துலக்க விரும்புவர்; ஊரார் தயங்குவர். கல்லை அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசென்றால் எழுத்துக் காக்கப்படும், ஆயின் அது வேடியப்பனாக இராது. அங்கேயே விட்டால் வேடியப்பன் இருப்பார், எழுத்து மெல்ல மறையும். இதில் ஒருசார் தீர்ப்பு வழங்குவது எளிதன்று. எனினும் ஒன்று தெளிவு: வழிபாடு நின்ற கற்களே பெரிதும் அழிகின்றன. எண்ணெய் படிந்த கல் இன்றும் நிற்கிறது. எண்ணெய் படியாத கல் துணி துவைக்கவும் வாய்க்காலைக் கடக்கவும் போய்விட்டது. வழிபாட்டைக் காப்பின் பகையாகக் கருதும் போக்கு ஆய்வாளர் மறுபார்வை செய்ய வேண்டிய ஒன்று.

இங்கேயே சிறாரின் இடம் முதன்மை பெறுகிறது. அடுத்த தலைமுறையில் அக்கல்லுக்கு எண்ணெய் இடப்போவோர் அவர்களே. கல்லில் எழுத்து உண்டு, அதில் தம்மூர்க்காரன் ஒருவன் பெயர் உண்டு எனப் பத்து வயதில் அறிந்த பிள்ளை, முப்பது வயதில் எழுத்தின்மீது சிமிட்டி பூச ஒப்பாது. எழுத்தில்லாத பக்கத்தில் எண்ணெய் இடலாமே என ஊர்ப் பெரியோரிடம் சொல்லும் உரிமை வெளியூர் ஆய்வாளர்க்கு இல்லை, பேரப்பிள்ளைக்கு உண்டு.

இம்மலையின் கற்திட்டைகளுக்கும் இது பொருந்தும். பெருங்கற்காலத்தைச் சேர்ந்த இவ்வமைப்புகளைக் குள்ளர் குகை என்றும் வாலியர் வீடு என்றும் மக்கள் வழங்குகின்றனர். முழங்கால் உயர மனிதர் ஒரு காலத்தில் இங்கு வாழ்ந்தனர் என்பது கதை. இறந்தோர் நினைவாக எழுப்பியவை என்பது தொல்லியல். ஆசிரியர் பலர் முன்னதை மூடநம்பிக்கை எனத் திருத்திவிட்டுப் பின்னதை எழுதச் சொல்வர். அத்திருத்தத்தில் பிள்ளை கற்றுக்கொள்வது தொல்லியலை அன்று. பாட்டி சொன்னது பொய் என்பதை மட்டுமே. கதையை முதலில் கேட்டு எழுதி, பிறகு திட்டையின் உயரத்தையும் பலகைக் கற்களின் அகலத்தையும் அளந்து, இவ்வளவு பெரிய கல்லை முழங்கால் உயர மனிதர் தூக்கியிருக்க இயலுமா எனப் பிள்ளைகளே வாதிடட்டும். சிறிய வாயிலைக் கண்டவர் சிறிய மனிதரைக் கற்பனை செய்தனர் என்னும் முடிவிற்கு அவர்களே வரக்கூடும். அப்போது பாட்டியின் கதை பொய்யாகாது; ஒரு பழைய விளக்கமாகும். வாய்மொழி மரபை நாட்டுப்புறவியல் எவ்வாறு அணுகுகிறதோ அதே அணுகுமுறை இது. முனைவர் பட்ட ஆய்வுக்கு மட்டும் உரியதாக அதை ஒதுக்கிவைக்கக் காரணம் இல்லை.

இவ்வகை முயற்சிக்குத் தமிழகத்தில் முன்னோடி இல்லாமல் இல்லை. இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொடங்கிய தொன்மைப் பாதுகாப்பு மன்றம், மாணவர்க்குக் கல்வெட்டுப் படிக்கவும் படியெடுக்கவும் பயிற்சி தந்து, அவர்கள் வழியாகப் புதிய சான்றுகளும் வெளிப்படச் செய்தது. திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவத்தார் சவ்வாதுமலையிலும் நடுகற்களைக் கண்டறிந்து வெளியிட்டு வருகின்றனர். இவ்விரு வகை உழைப்பும் ஓரிடத்தில் சேர வேண்டியுள்ளது. ஆனால் இவை தனி மனிதர் ஆர்வத்தால் இயங்குபவை. ஆசிரியர் பணிமாறுதல் பெற்றால் மன்றத்தின் நிலை என்ன என்பது எவரும் அறிந்ததே.

நிறுவனமாக நிலைத்து நிற்பன பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள். செங்கம் நடுகற்கள் என்னும் தொகுப்பை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் அதிலிருந்து சிறார் படிக்கத்தக்க ஒரு நூல் எழாமைக்கு மூலம் அரிது என்பது காரணமாகாது. அத்தகைய நூலை எழுதுவோர்க்கு மதிப்பெண் இல்லை, பதவி உயர்வில் இடமில்லை என்பதே காரணம். சங்க இலக்கியத்தில் நடுகல் என்னும் தலைப்பில் ஆண்டுதோறும் கட்டுரைகள் வெளிவருகின்றன. அவற்றுள் பல முன்னவர் சொன்னதையே வேறு வரிசையில் அடுக்குபவை. கோவிவன் என்னும் நாயைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கவும் கல்வெட்டின் பாடம் பிறழாமலும் நான்கு பக்கம் எழுதுவது இவற்றினும் கடினமான பணி. வட்டெழுத்தை அறிந்திருக்க வேண்டும், வாணகோ அரைசர் யார் என அறிந்திருக்க வேண்டும், எருமைப்புறம் என்பதன் பொருளைத் துணிந்திருக்க வேண்டும். இவ்வளவும் அறிந்தபின் அவற்றுள் எதைச் சொல்லாமல் விடுவது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இதை எளிமைப்படுத்தல் எனத் தாழ்த்துவோர் ஒருமுறை எழுதிப் பார்த்தல் நலம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. அரசுத் திட்டமாக இது மாறும்போது வினாடி வினாவாகவும் கட்டுரைப் போட்டியாகவும் சான்றிதழ் விழாவாகவும் சுருங்கும் இடர் பெரிது. ஒரே நாளில் ஏழு இடங்களுக்குப் பேருந்தில் ஏற்றிச் சென்று, ஒவ்வொன்றின் முன்னும் குழுப்படம் எடுத்துத் திரும்பும் சுற்றுலா இதற்கு மாற்றாகாது. ஒரு பருவத்திற்கு ஓரிடம் போதும். அதே கல்லுக்கு மழைக்காலத்தில் ஒருமுறை, வெயிற்காலத்தில் ஒருமுறை, சாய்வெளியில் ஒருமுறை செல்ல வேண்டும். தேய்ந்த எழுத்து உச்சிவெயிலில் தெரியாது, மாலையில் பக்கவாட்டில் விழும் ஒளியில் எழும் என்பதைப் படியெடுத்தோர் அறிவர். பிள்ளைகள் அதைத் தாமே கண்டறியும்போது, அவர்கள் கையில் சுண்ணக்கட்டியோ வெண்பொடியோ இருத்தல் கூடாது. எழுத்தைத் தெளிவாக்க அதைத் தேய்ப்பது கல்லுக்குத் தீங்கு. ஒரு கைவிளக்கும் ஒரு தாளும் கரிக்கோலும் போதும். நாயின் வால் எப்பக்கம் வளைந்துள்ளது என வரைந்து காட்டிய பிள்ளை அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறது.